60 எப்போது 66 ஆகும்? நுழைவுத் தேர்வு விவாதம்: ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கை விதிகளில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மாநில வாரியத்தில் இயற்பியலுக்கு முதல் மதிப்பெண் 100. வேறொரு வாரியத்தில் அதே பாடத்துக்கு முதல் மதிப்பெண் 90தான் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி அந்த 90ஐயும் 100 என்றே கொள்ள வேண்டும். அப்படியானால் அந்த வாரியத்தில் 60 வாங்கிய மாணவரின் மதிப்பெண் 66.66 ஆகிவிடும். இதற்குச் சமன்படுத்துதல் என்று பெயர். நார்மலைசேஷன் என்றால் இன்னும் நிறையப் பேருக்குப் புரியும்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகளிடம் இதைக் காட்டினேன். "அதெப்படி சித்தப்பா? அவன் வாங்கினது 60தானே? சும்மா ஆறு மார்க்கைத் தூக்கிக் கொடுத்தா, ஒழுங்கா 65 வாங்கினவன் பின்னாடி போயிடுவானே?" என்றாள். பிறகு அவளே தீர்வும் சொன்னாள். "எல்லாருக்கும் ஒரே தேர்வு வெச்சுட்டா முடிஞ்சுது. ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம். அதுல என்ன அநியாயம் வந்துடப் போகுது?"

அன்று அவளுக்குப் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பொதுவான ஒரே தேர்வு வைக்கலாமா என்ற சண்டை அமெரிக்காவிலும் நடக்கிறது, நம் ஊரிலும் நடக்கிறது. அதைப் பின்தொடர நாலைந்து கருத்துகள் தெரிந்தால் போதும்.

முதலில் அந்த 60ஐ முடித்துவிடுவோம். ஒரு வாரியத்தில் முதல் மதிப்பெண்ணே 90தான் என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கேள்வித்தாள் கடினமாக இருந்திருக்கலாம். திருத்தியவர்கள் கறாராக இருந்திருக்கலாம். அல்லது அந்த ஆண்டு அங்கே எழுதியவர்களே கொஞ்சம் சுமாரானவர்களாக இருந்திருக்கலாம். முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும் மதிப்பெண்ணை உயர்த்துவது நியாயம். மூன்றாவது என்றால் அநியாயம். நம் விதி இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு வாரியங்களின் முதல் மாணவர்களும் சமம் என்று நம்பிக்கொண்டு மேலே போகிறது. ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண்ணை வைத்து லட்சக்கணக்கானோரின் மதிப்பெண்ணை மாற்றுகிறோம் என்பதுதான் இதன் பலவீனம்.

இலங்கையில் வேறு வழி பின்பற்றப்படுகிறது. அங்கே உயர்தரத் தேர்வு மதிப்பெண்களை இசட் புள்ளிகளாக மாற்றுகிறார்கள். ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரி என்ன, மதிப்பெண்கள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன, அந்தப் பரவலில் நீங்கள் எவ்வளவு தூரம் மேலே நிற்கிறீர்கள் என்பதே இசட் புள்ளி. முதல் மாணவர் ஒருவரை மட்டும் பார்க்காமல் எழுதிய அத்தனை பேரையும் கணக்கில் எடுப்பதால் இது மேலான முறை. ஆனால் இங்கும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. இயற்பியல் எழுதியவர்களும் வணிகவியல் எழுதியவர்களும் மொத்தத்தில் ஒரே தரம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இப்படி மதிப்பெண்ணைச் சமன்படுத்துவதற்கு இலங்கையில் முன்பு 'தரப்படுத்தல்' என்று பெயர். அந்தச் சொல்லையே ஈழத் தமிழர்கள் சாதாரணமாகக் கேட்டுவிட முடியாது. 1971இல் மருத்துவப் படிப்புக்குத் தமிழ் வழியில் எழுதியவர்கள் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள வழியில் எழுதியவர்களுக்கு 229 போதுமாக இருந்தது. இரு மொழி மாணவர்களையும் சமப்படுத்துகிறோம் என்று காரணம் சொன்னார்கள். ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞர்களின் கசப்புக்கு அது பெரிய காரணமாயிற்று. மதிப்பெண்ணை மாற்றி எழுதும் கணக்கு வெறும் கணக்காக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

சரி, மாற்றி எழுதுவதில் இத்தனை சிக்கல் என்றால் அண்ணன் மகள் சொன்ன வழிக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரே தேர்வு.

ஒரே தேர்வு என்றால் என்ன

எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்கும் தேர்வைத் தரப்படுத்தப்பட்ட தேர்வு என்பார்கள். அதைக் கேட்டதும் 'தரமான தேர்வு' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தரம் என்பதற்கு உயர்வு என்று பொருள் இல்லை. கடையில் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை குத்துவார்கள் அல்லவா, அந்தப் பொருள்தான். கேள்வி, நேரம், விதி, திருத்தும் முறை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால், இரண்டு பேரின் மதிப்பெண்ணுக்கு இடையே உள்ள வித்தியாசம் அந்த இரண்டு பேரிடம் இருந்து மட்டுமே வந்திருக்க வேண்டும். நோக்கம் அவ்வளவுதான்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும் கட்டம் நிரப்பினால் எந்திரமே திருத்திவிடும் ஓஎம்ஆர் தாளும் இதற்காகத்தான் வந்தன. பத்து மார்க் கட்டுரை விடையைக் காலையில் திருத்தும் ஆசிரியர் எட்டு போடலாம். மதியம் களைத்துப்போன பிறகு அவரே ஆறு போடலாம். எந்திரத்துக்குக் களைப்பு இல்லை. கட்டுரை எழுதும் திறனை அந்த எந்திரத்தால் அளக்க முடியாது என்பது அதற்காகக் கொடுக்கும் விலை.

மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வை எடுத்துக்கொள்வோம். 180 கேள்விகள், 720 மதிப்பெண். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90 கேள்விகள். சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 குறையும். நெகட்டிவ் மார்க் இருப்பதால் குருட்டடி அடிப்பது பலிக்காது என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். உண்மையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதுவுமே தெரியாமல் நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். நான்கு கூடி மூன்று கழிந்து ஒரு மதிப்பெண் மிஞ்சும். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு வைக்கும் சாட் தேர்வில் முன்பு ஐந்து விடைகள் கொடுத்து, தவறுக்குக் கால் மதிப்பெண் கழித்தார்கள். அங்கே குருட்டடியின் பலன் சராசரியாகச் சுழியமாகும். அதையும் 2016இல் கைவிட்டுவிட்டார்கள். இவ்வளவு சின்ன விதியிலும் யாரோ ஒருவருடைய முடிவு இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தேர்வு வானத்திலிருந்து இறங்குவதில்லை.

இன்னொரு சொல்லையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: பர்சன்டைல். இதை விழுக்காடு என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் விவாதத்தில் இறங்குகிறார்கள். விழுக்காடு என்பது நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பது. பர்சன்டைல் என்பது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பது. நீட்டில் பொதுப்பிரிவுக்குத் தகுதி வரம்பு 50ஆவது பர்சன்டைல். பாதிக்குப் பாதி மதிப்பெண் வாங்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வரிசையில் பாதிப் பேருக்கு மேலே நின்றால் போதும். 2023இல் அந்த இடம் 720க்கு 137 என்ற மதிப்பெண்ணில் வந்து நின்றது. இந்த 137க்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

ஆண்டுக்கு ஆண்டு இந்த அளவுகோலும் நகரும். 2024 நீட்டில், எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகும், 720க்கு 720 வாங்கியவர்கள் 17 பேர். அடுத்த ஆண்டு முதலிடமே 686. மாணவர்கள் ஒரே ஆண்டில் மங்கிப்போய்விடவில்லை, கேள்வித்தாள் கடினமாகிவிட்டது. அதனால் நீட்டில் மதிப்பெண்ணைவிட ரேங்க்தான் பேசும்.

தேர்வு எதை முன்கூட்டிச் சொல்கிறது

ஒரு நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் கல்லூரியிலும் நன்றாகப் படிக்கிறாரா? இதை அதிகமாக ஆராய்ந்திருப்பது அமெரிக்கா. அங்கே சாட் தேர்வுக்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

1926இல் முதல் சாட் நடந்தது. அதை வடிவமைத்த கார்ல் பிரிகாம், முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு வைத்த அறிவுத் தேர்வுகளோடு தொடர்புடையவர். அந்தப் போர்க்காலத் தேர்வுகளை வைத்து, சில ஐரோப்பிய இனங்கள் பிறவியிலேயே மேலானவை என்று 1923இல் ஒரு நூலே எழுதினார். 1930இல் அந்த முடிவுக்கு அடிப்படையே இல்லை என்று அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் தேர்வு நின்றுவிடவில்லை. 1930களில் ஹார்வர்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் அதே தேர்வைக் கையில் எடுத்தார். கிழக்குக் கரைப் பணக்கார விடுதிப் பள்ளிகளின் பிள்ளைகள் மட்டுமே நிறைந்திருந்த கல்லூரிக்கு, தொலைதூர ஊர்களிலிருந்து கெட்டிக்காரப் பையன்களை உதவித்தொகை கொடுத்து அழைத்துவர அவருக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. ஆக, அந்தத் தேர்வின் கருவிலேயே இனவெறியும் இருந்தது, கதவைத் திறந்துவிடும் ஆசையும் இருந்தது. இன்றுவரை சண்டை போடும் இரு தரப்புக்கும் வரலாற்றில் ஆதாரம் கிடைப்பது இதனால்தான்.

பெயரைக் கவனியுங்கள். முதலில் அது 'படிப்புத் திறன் தேர்வு' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். பயிற்சியால் மாறாத, உள்ளே இருக்கும் திறனை அளக்கிறோம் என்று நடத்தியவர்கள் சொன்னார்கள். புரூக்ளினில் தன் பெற்றோர் வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஸ்டான்லி கேப்லன், பயிற்சியால் மதிப்பெண் உயரும் என்று காட்டி அதைப் பெரிய தொழிலாகவே வளர்த்தார். 1990களில் பெயரிலிருந்து 'திறன்' போயிற்று. அப்புறம் எதற்கும் சுருக்கம் இல்லை, சாட் என்பது வெறும் சாட்தான் என்றாகிவிட்டது.

இப்போது கேள்விக்கு வருவோம். கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 2007இல் வந்த ஓர் ஆய்வு, கல்லூரி வெற்றியைச் சாட்டைவிடப் பள்ளி மதிப்பெண்தான் நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது என்றது. 2020இல் அதே பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் குழு ஒன்று இதற்கு நேர்மாறாகச் சொன்னது. பள்ளிகள் மதிப்பெண்ணை அள்ளி வழங்கத் தொடங்கிவிட்டதால், தேர்வு மதிப்பெண்ணே இப்போது நன்றாகச் சொல்கிறது, பின்தங்கிய பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைக் கண்டுபிடிக்கவும் அது உதவுகிறது என்றது. அப்படியும் அதே ஆண்டு பல்கலைக்கழக ஆட்சிக் குழு தேர்வைக் கைவிட முடிவெடுத்தது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கைப்பந்து அணிக்கு ஆறடிக்கு மேல் உயரமானவர்களை மட்டும் எடுக்கிறோம். பிறகு அந்த அணிக்குள் உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உயரம் முக்கியமில்லை என்று அதற்கு அர்த்தமாகாது. குள்ளமானவர்களை நாம் உள்ளேயே விடவில்லை என்பதுதான் காரணம். நுழைவுத் தேர்வுக்கும் இப்படியே. தேறி உள்ளே வந்தவர்களை மட்டும் வைத்து 'தேர்வு மதிப்பெண் ஒன்றையும் சொல்வதில்லை' என்று யாராவது எழுதினால், வெளியே நிற்பவர்களை அவர் பார்க்கவில்லை என்று பொருள்.

கொரோனா காலத்தில் தேர்வு மையங்களை மூடிவிட்டதால், சாட் மதிப்பெண்ணைக் காட்டலாம், காட்டாமலும் விடலாம் என்று பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் அறிவித்தன. எதிர்பாராமல் அமைந்த பெரிய பரிசோதனை இது. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடி தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. உயர்நிலைக் கணிதப் பாடங்களே இல்லாத எளிய பள்ளிகளில் படித்த பிள்ளை, தன்னால் இந்தக் கணிதத்தைத் தாங்க முடியும் என்று காட்ட இந்தத் தேர்வைவிட்டால் வேறு வழி குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம். 2024 பிப்ரவரியில் டார்ட்மத் கல்லூரியும் திரும்பியது. அங்கே பேராசிரியர்கள் நால்வர் ஆராய்ந்து சொன்னது என்னை உலுக்கியது. ஏழைப் பள்ளிகளிலிருந்து விண்ணப்பித்த பிள்ளைகள், தங்கள் மதிப்பெண் போதாது என்று நினைத்து அதை மறைத்திருக்கிறார்கள். காட்டியிருந்தால் அதுவே அவர்களுக்கு இடம் வாங்கித் தந்திருக்கும். ஏனென்றால் அந்தக் கல்லூரி மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளையின் பள்ளியில் மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதோடு சேர்த்துத்தான் படிக்கிறது. அதே ஆண்டு யேலும் ஹார்வர்டும் இந்த வழிக்கே வந்தன.

அமெரிக்காவே திரும்பிவிட்டது, ஆகவே நீட் சரி என்று இதை வைத்து வாதிடுபவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே தேர்வு, பல தாள்களில் ஒரு தாள். பள்ளி மதிப்பெண், ஆசிரியரின் கடிதம், எந்த ஊர், எந்தப் பள்ளி என எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்க்கிறார்கள். இங்கே தேர்வு ஒன்றுதான் தாள்.

நம் ஊர்க் கதை

தமிழ்நாட்டில் 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்த 300 நன்றாக நினைவிருக்கும். பிளஸ் டூ பாட மதிப்பெண் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, ஆக 300க்குக் கட்-ஆஃப். பிளஸ் டூ கடைசித் தேர்வு முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு கோச்சிங் சென்டர் இருக்கும் ஊருக்குப் போனவர்களும் உண்டு. வயலுக்குப் போனவர்களும் உண்டு. அந்த 100 இந்த இரு கூட்டத்தையும் பிரித்துக் காட்டிவிடும்.

2005இல் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையும், மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளும் இம்ப்ரூவ்மென்ட் முறையையும் சேர்த்தே நீக்க உத்தரவிட்டது. நுழைவுத் தேர்வை நீக்கியது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அடுத்து வந்த கருணாநிதி அரசு, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. அதிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே. முதலில் சொன்ன 66.66 கணக்கும் அந்தச் சட்டத்தோடு வந்ததுதான். ஒரே தேர்வை எடுத்துவிட்டால் பல வாரியங்களைச் சமன்படுத்தியே ஆக வேண்டும் அல்லவா?

அந்தக் காலம் பொற்காலமாக இருந்ததா? இல்லை. நீட் எதிர்ப்பாளர்கள் நாம் இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டினார்கள். புத்தகத்தின் வரி மாறாமல் எழுதினால் 200க்கு 200. மருத்துவ இடங்களைப் பெருமளவில் அள்ளியது இந்த மாதிரித் தனியார் பள்ளிகள்தான். அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் அப்போதும் ஆண்டுக்குச் சில பத்துப் பேரே. 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான். 2025இல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

நீட் முதன்முதலில் 2013 மே மாதம் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. ஓராண்டு விலக்குக்குப் பிறகு 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. அதற்கு முன்பு ஒவ்வொரு தனியார் நிறுவனமும் தனித்தனியே தேர்வு வைத்தது. பிள்ளைகள் ஊர் ஊராக அலைந்தார்கள், பணம் புரண்டது. மத்தியப் பிரதேசத்தின் மாநிலத் தேர்வு வாரியமான வியாபத்தில் நடந்த ஊழல் 2013இல் வெடித்தது, மாநிலத் தேர்வுகளை எவ்வளவு தூரம் விலைக்கு வாங்க முடியும் என்று காட்டியது. நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு என்பது இதற்கெல்லாம் மருந்தாக முன்வைக்கப்பட்டது. 2024இல் அந்த ஒரே தேர்வின் வினாத்தாளே ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் கசிந்தது. மொத்தத் தேர்வையும் ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

2017இல் நடந்ததை வெறும் எண்ணாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பிளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறையில் மருத்துவ இடம் கிடைத்திருக்கும். நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்கில் சேர்ந்து நின்றார். அந்த செப்டம்பர் முதல் தேதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு மதிப்பெண்களில் எது அனிதாவின் உண்மையான திறமை என்று அப்போது பலர் விவாதித்தார்கள். கேள்வியே தவறு. தனக்குக் கொடுக்கப்பட்ட புத்தகத்தை ஒரு பெண் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறாள் என்பதை முதல் எண் சொல்கிறது. அவளுக்குக் கொடுக்கப்படாத வேறொரு பாடத்திட்டத்திலிருந்து கேட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டாவது எண் சொல்கிறது.

நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் திரட்டிய தரவுகளில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது ரிப்பீட்டர்கள் பற்றியது. 2016–17இல் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவர்கள் சுமார் 12 விழுக்காடு. 2020–21இல் அது 71 விழுக்காடு. யோசித்துப் பாருங்கள். சேர்ந்த பத்துப் பேரில் ஏழு பேர் ஓராண்டோ இரண்டாண்டோ வேறு வேலையில்லாமல் இதற்காக மட்டுமே படித்தவர்கள். இதைத்தான் கோச்சிங் சென்டர்களில் லாங் டேர்ம் என்கிறார்கள். அதற்கான கட்டணம் ஒருபுறம். பதினெட்டு வயதுப் பிள்ளையை ஓராண்டு சம்பாதிக்கவும் விடாமல், கல்லூரிக்கும் அனுப்பாமல் வீட்டில் வைத்துச் சோறு போட எந்த வீட்டால் முடியும்? பெண் பிள்ளை என்றால் அந்த ஓராண்டுக்குள் மாப்பிள்ளை பார்த்துவிட மாட்டார்களா? கேள்வித்தாள் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதன் முன் வந்து உட்கார ஒருவர் செலவழித்த காலம் ஒன்றாக இல்லை.

கேள்வித்தாளாவது ஒன்றாக இருந்ததா என்றால், 2018இல் அதுவும் இல்லை. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பில் பிழை. சிவிங்கிப்புலி என்று வர வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. சீத்தாப்பழம் தெரிந்த பிள்ளை என்ன நினைத்திருப்பாள்! தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கூட்டித் தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த 137க்கு வருகிறேன். 'தகுதிக்குத்தான் நீட்' என்கிறார்கள். 720க்கு 137 வாங்கியவரும் தகுதி பெற்றவர்தான். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது. தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடைக்கலாம், ஆண்டுக்குப் பல லட்சம் கட்ட முடிந்தால். 450 வாங்கியும் பணமில்லாத பிள்ளை ஒதுங்கிக்கொள்ள, அவளைவிடப் பல லட்சம் ரேங்க் பின்னால் இருப்பவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்கிறார். 2023இல் முதுநிலை மருத்துவ இடங்கள் நிரம்பாமல் கிடந்தபோது, அந்தப் படிப்புக்கான நீட்டில் தகுதி வரம்பைப் பூஜ்ஜியப் பர்சன்டைல் என்றே குறைத்தார்கள். தேர்வு எழுதிய எல்லோரும் தகுதி பெற்றவர்கள் என்று இதற்குப் பொருள். ஒரு தேர்வு தகுதியை அளக்கிறது என்று சொல்லிவிட்டு, இடம் மீந்தால் வரம்பைத் தரையில் வைத்துவிட்டால், அது அளந்தது எதை?

தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர மறுத்துவிட்டார் என்ற செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. இதற்கிடையில் ஓசையில்லாமல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது வேறொரு சட்டம். 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தேறியவர்களுக்குத் தனி வரிசை. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டே முந்நூறு பேருக்கு மேல் இடம் கிடைத்தது. நீட்டை எடுக்கவில்லை, கேள்வித்தாளை மாற்றவில்லை. மதிப்பெண்ணைப் படிக்கும் விதத்தை மட்டும் மாற்றினார்கள். டார்ட்மத் பேராசிரியர்கள் சொன்னதும் இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரின் மதிப்பெண்ணை, அவர் எந்த மண்ணில் நின்று அதை எடுத்தாரோ அந்த மண்ணில் நின்ற மற்றவர்களின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணன் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் தனியார் பள்ளியில் படிப்பவள். "அப்ப 350 வாங்கின கவர்ன்மென்ட் ஸ்கூல் பிள்ளைக்கு சீட் கிடைக்கும், 500 வாங்கின எனக்குக் கிடைக்காதா?" என்றாள். கிடைக்காமல் போகலாம் என்றேன். நீ ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஃபவுண்டேஷன் வகுப்புக்குப் போகிறாய். அந்தப் பிள்ளையின் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடமே காலியாக இருக்கலாம். நீ முதலில் கேட்ட கேள்விதான் இது, 60 எப்படி 66 ஆகும் என்று கேட்டாயே.

"சரி சித்தப்பா. ஆனா எவ்வளவு கூட்டிக் கொடுக்கணும்னு யார் முடிவு பண்றது?"

அதை எந்தக் கணக்காலும் முடிவு செய்ய முடியாது என்றேன். நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு ஒதுக்கச் சொன்னது. சட்டமன்றம் 7.5 என்று வைத்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அவள் நோட்டில் 10 என்றும் 7.5 என்றும் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துக்கொண்டாள்.